அன்னபேதியும் ஒரு குவளைத் தேநீரும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

நமது வேதியியல் ஆய்வகத்தின் அலமாரியில் வெளிர்ப்பச்சை நிறப் படிகங்கள் அடங்கிய குப்பி ஒன்று இருப்பதை நம்மில் பலர் கண்டிருப்பர். பெர்ரஸ் சல்பேட் என்று அதன்மேல் எழுதி ஒட்டியிருக்கும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைப்பதும் அதுவே. சித்த மருத்துவர்கள் அதனைச் செந்தூரமாக்கிச் சோகை நோய்க்குக் கொடுத்து வந்தனர். இன்று அரசு மருத்துவமனைகளில் கருவுற்ற தாய்மார்களுக்கு வழங்கப்படும் சிவப்பு மாத்திரையிலும் இருப்பது பெரும்பாலும் அதே உப்புத்தான். குப்பியில் இருப்பதும், கடையில் இருப்பதும், மாத்திரையில் இருப்பதும் ஒன்றே என்பதை நான் பாடநூலைப் படித்து அறியவில்லை. இவ்வாண்டு என் வீட்டில் நேர்ந்த ஒரு தவற்றின் வாயிலாகவே அறிந்தேன். அத்தவற்றைச் செய்தவனும் நானே. ஆகவே இக்கட்டுரையை ஓர் ஒப்புதல் வாக்குமூலமாகவும் கொள்ளலாம்.

என் ஊர் சந்தவாசல். போளூரிலிருந்து கண்ணமங்கலம் செல்லும் சாலையில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது. என் தாய் தந்தையர் இருவரும் விவசாயக் கூலிகள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான் ஒருவனே. என் அக்காள் பத்தாம் வகுப்போடு நின்றாள். நான் படிப்பதற்காகவே அவள் நின்றாள் என்று சொல்வதே உண்மை. அவள் கணவர், அதாவது என் மாமா, பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். அக்காள் கருவுற்ற மூன்றாம் மாதத்தில் வாந்தியும் மயக்கமும் மிகுதியாக இருந்ததால், வளைகாப்பு வரை காத்திராமல் அப்போதே எங்கள் வீட்டிற்கு வந்துவிட்டாள்.

அந்த மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4 கிராம் என்றனர். கருவுற்ற பெண்ணுக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச் சோகை. 7 கிராமுக்கும் கீழே போனால் கடுமையான சோகை. நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு இரண்டு சிவப்பு மாத்திரைகளும், அவற்றோடு சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. அக்காள் ஒரு நாளும் தவறாமல் விழுங்கினாள். ஐந்தாம் மாதப் பரிசோதனைக்குச் செல்லவில்லை. நடவுக் காலம், உடன் செல்ல ஆளில்லை. ஆறாம் மாதம் சென்றபோது 9.1 என்று வந்தது. ஏறவேண்டிய அளவு இறங்கியிருந்தது.

“மாத்திரை சாப்பிடுறியாம்மா, இல்ல தூக்கிப் போடுறியா?” என்று செவிலியர் கேட்டிருக்கிறார்.

“சத்தியமா சாப்பிடுறேங்க நர்சம்மா. தம்பி டீ வாங்கினு வந்ததும் மொத வேலையே அதுதான்” என்று அக்காள் சொல்லியிருக்கிறாள்.

செவிலியர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். அடுத்த மாதமும் ஏறாவிட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்ற வேண்டியிருக்கும் என்று கூறி அனுப்பியிருக்கிறார்.

ஆம், நண்பர்களே! காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, பேருந்து நிறுத்தத்துக் கடையிலிருந்து தூக்கில் தேநீர் வாங்கி வந்தவன் நான். சூடாக ஊற்றி, “இந்தாக்கா, மாத்திரையப் போட்டுக்கோ” என்று நீட்டியவனும் நான். அன்பு காட்டுவதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். இரும்பு மாத்திரை, சுண்ணாம்பு மாத்திரை, தேநீர் ஆகிய மூன்றையும் ஒரே மடக்கில் அவள் வயிற்றுக்குள் இறக்கியிருக்கிறேன். அதுவும் வேதியியல் படித்துக்கொண்டே!

ஒரு கிராம் இரும்பு

ஒரு பிள்ளைப்பேற்றிற்கு மொத்தமாக எவ்வளவு இரும்பு தேவைப்படும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். அதாவது ஒரே ஒரு கிராம். சிறிய ஆணி ஒன்றின் எடைதான். அதில் சுமார் 300 மில்லிகிராம் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் செல்கிறது. சுமார் 500 தாயின் உடலில் புதிதாக உருவாகும் சிவப்பணுக்களுக்கு ஆகிறது. மீதி, உடல் வழக்கமாக இழப்பதை ஈடுசெய்கிறது.

ஓர் ஆணியளவு இரும்பைத் தேடிக்கொள்வது ஒரு பெரிய காரியமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் கடினம் விளங்குகிறது. கருவின் பிற்பாதியில் நாளொன்றுக்கு 4 முதல் 6 மில்லிகிராம் வரை இரும்பு இரத்தத்தில் சேர வேண்டும். நாம் உண்ணும் அரிசி, பருப்பு, கீரை ஆகியவற்றில் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் இருப்பதாகவே தாராளமாக வைத்துக்கொள்வோம். தாவர உணவிலுள்ள இரும்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு போலத்தான் குடல் ஏற்றுக்கொள்கிறது. எனவே உள்ளே சேர்வது 1 மில்லிகிராம். கருவுற்ற காலத்தில் குடல் தானாகவே ஏற்கும் அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்கிறது என்பது உண்மையே. அப்படியும் இடைவெளி அடைபடுவதில்லை. இதனால்தான் நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டு முதலே தாய்மார்களுக்கு மாத்திரை வழங்கும் திட்டம் நடைபெற்று வருகிறது. 2018-ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள முறைப்படி, நான்காம் மாதம் தொடங்கி 180 நாட்களும், பிள்ளை பிறந்தபின் 180 நாட்களும், நாளொன்றுக்கு ஒரு மாத்திரை. ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. சோகை ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இரண்டு மாத்திரைகள்.

இத்தனை ஆண்டுகள் வழங்கியும் நிலைமை என்ன? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் கருவுற்ற பெண்கள் நூற்றுக்கு 52 பேர் சோகையுடன் இருந்தனர். நம் தமிழ்நாட்டிலும் ஏறத்தாழப் பாதிப் பேர். மாத்திரை வீட்டுக்கு வருகிறது. இரத்தத்திற்குப் போய்ச் சேருவதில்லை. நடுவில் எங்கே தொலைகிறது என்பதே என் வினா.

ஆய்வகத்தில் கண்டது

செவிலியர் சொன்னதைக் கேட்ட மறுநாள், நான் ஒரு மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். அன்று எங்களுக்குப் பருமனறி பகுப்பாய்வு. பெர்மாங்கனேட் கரைசலைக் கொண்டு பெர்ரஸ் இரும்பை அளவிடும் சோதனை. வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரிடம் விவரம் கூறி அனுமதி பெற்றேன். மாத்திரையின் சிவப்புப் பூச்சை நீரில் கழுவி நீக்கிவிட்டு, பொடித்துக் கரைத்து வடிகட்டினேன். கல்லூரி வாயிற் கடையில் வாங்கிய பால் சேராத தேநீர் டிகாக்ஷனைச் சோதனைக் குழாயில் ஊற்றி, மாத்திரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். செம்பழுப்பாக இருந்த டிகாக்ஷன் கலங்கிற்று. காற்றுப்பட நிற்க நிற்கக் கருத்து, இறுதியில் மைபோல் ஆயிற்று.

‘மைபோல்’ என்பது வெறும் உவமையன்று. அது மையேதான். அந்நாளில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து எழுதும் மை தயாரித்தார்கள் என்று விரிவுரையாளர் விளக்கினார். கடுக்காய் எங்கள் ஊருக்குப் புதிதன்று. சவ்வாது மலையில் விளைந்து, மலையிலிருந்து இறங்கி வரும் சரக்குகளில் புளி, தேன், சாமை ஆகியவற்றோடு அதுவும் ஒன்று. மலைக்கு அப்பால் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடவும் கடுக்காயைப் பயன்படுத்தினர். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்னும் வகைப் பொருளுக்கு அப்பெயர் வந்ததே தோல் பதனிடும் தொழிலால்தான். தேநீரின் துவர்ப்பும் அவ்வினப் பொருள்களால் வருவதே. அவை இரும்பைக் கண்டால் பற்றிக்கொள்கின்றன. பற்றிய இரும்பைக் குடலால் பிரித்தெடுக்க முடிவதில்லை. அது கழிவோடு வெளியேறிவிடுகிறது.

1975-ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதனை அளந்து வெளியிட்டிருக்கின்றனர். சோற்றுணவோடு தேநீர் அருந்தியபோது, உடல் ஏற்ற இரும்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. காப்பிக்கும் இக்குணம் உண்டு. பால் சேர்ப்பதால் இந்தத் தொல்லை முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. சுண்ணாம்புச் சத்தும் இரும்பின் வழியில் குறுக்கே நிற்கும். ஆகவேதான் இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

கருத்துப்போன சோதனைக் குழாயில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பார்க்குமாறு விரிவுரையாளர் கூறினார். பிழிந்தேன். கருமை வெளிறியது. புளிப்பு, இரும்பை அந்தப் பிடியிலிருந்து விடுவிக்கிறது. மேலும் எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் ‘சி’, உணவிலிருக்கும் பெர்ரிக் இரும்பைப் பெர்ரஸ் இரும்பாக ஒடுக்குகிறது. குடல் எளிதில் ஏற்பது பெர்ரஸ் நிலையில் உள்ள இரும்பையே. மாத்திரையில் ஏற்கெனவே பெர்ரஸ் இரும்பு இருப்பதால், இதன் பெரும்பயன் சோற்றுக்கும் கீரைக்குமே. முருங்கைக்கீரைப் பொரியலை உண்டபின் ஒரு கொய்யாத் துண்டு தின்பது எந்த டானிக்குக்கும் குறைந்ததன்று. எங்கள் பக்கம் கொய்யாவுக்குப் பஞ்சமில்லை. விற்பதற்கே பறிக்கிறோம், தின்பதற்கு வைப்பதில்லை என்பது வேறு கதை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அக்காளின் அளவு குறைந்ததற்குத் தேநீர் ஒன்றே காரணம் என்று ஒரே வீட்டை வைத்து நிறுவ முடியாது. கருவுற்ற நடுமாதங்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட வேகமாகப் பெருகுவதால், எல்லாப் பெண்களுக்குமே ஹீமோகுளோபின் சற்று இறங்கித் தோன்றும் என்று விலங்கியல் துறை நண்பர் ஒருவர் எடுத்துக் காட்டினார். ஆனாலும் இரண்டு மாதம் இரட்டை மாத்திரை விழுங்கியும் சிறிதும் ஏறாதது இயல்பன்று.

கோஷா மருத்துவமனையில் ஓர் அம்மையார்

மாத்திரையிலுள்ள மற்றொரு பொருளான ஃபோலிக் அமிலத்தின் வரலாறு நம் மாநிலத்தோடு தொடர்புடையது என்பதைப் பலர் அறியார். நானும் இக்கட்டுரைக்காகப் படித்தபோதுதான் அறிந்தேன்.

1928-ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் ஒருவகைக் கடுஞ்சோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தனர். காரணத்தை ஆராய வந்தவர், நோய்க்கிருமியைத் தேடியதோடு நில்லாமல், அவர்கள் என்ன உண்கிறார்கள் என்றும் பார்த்தார். வறியவர்களின் உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்ற முடிவுக்கு வந்தார். அக்காலத்தில் உணவூட்ட ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற இடம் நமது குன்னூர். அங்கே பாஸ்டர் நிலையத்தில் இராபர்ட் மெக்காரிசன் என்பவரின் தலைமையில் ஆய்வுக்கூடம் இருந்தது. பிற்காலத்தில் அது 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. லூசி வில்ஸ் குன்னூரிலும் பணியாற்றினார். 1931-இல் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று வழங்குவது அதுவே.

எலிகளுக்கும் குரங்குகளுக்கும் குறையுணவு கொடுத்துச் சோகையை உண்டாக்கி, பிறகு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பார்த்ததில், ஈஸ்ட்டுச் சாறு குணம் தருவதைக் கண்டார். மார்மைட் என்ற பெயரில் விற்கும் மலிவான, கறுப்பான, ரொட்டியில் தடவித் தின்னும் பொருள் அது. அதைக் கொடுத்ததும் நோயுற்ற பெண்கள் தேறினர். 1931-இல் இதனை வெளியிட்டார். அதிலுள்ள மருந்துப் பொருள் இன்னதென்று அப்போது தெரியாததால், அதை ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தனர். 1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு டன் பசலையினக் கீரையைப் பிழிந்து, அத்தகைய பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் ‘ஃபோலியம்’ என்றால் இலை. அதிலிருந்து வந்தது ஃபோலிக் அமிலம் என்னும் பெயர்.

இப்பொருளைப் பற்றி, மணமாகவிருக்கும் நம் போன்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கரு உண்டான நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போதுதான் ஐயமாகத் தெரியவரும். ஃபோலிக் அமிலம் குறைந்தால் அக்குழல் சரியாக மூடாமல் போகக்கூடும். எனவே குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே மருத்துவரிடம் கேட்டு இதனைத் தொடங்கிவிட வேண்டும். மூன்றாம் மாதத்தில் முதன்முறை மருத்துவமனைக்குச் செல்லும் நம் வழக்கம் இதற்கு உதவாது.

இவ்விடத்தில் நம் கல்லூரி மாணவியரையும் நினைத்துக்கொள்கிறேன். காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்று ஒரு குவளைத் தேநீரோடு புறப்பட்டு, பகல் ஒன்றரை மணிக்கு டப்பாவைத் திறப்பவர்கள் எத்தனை பேர்! பள்ளியில் வாரந்தோறும் கொடுத்த நீல மாத்திரையைச் சன்னல் வழியே எறிந்த பழங்கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நாங்களும் எறிந்தவர்கள்தாம். சோகை கருவுற்றபின் வருவதன்று. பெரும்பாலும் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆயாவோடு நடந்த வழக்கு

ஆய்வகத்தில் கண்டதை வீட்டில் சொன்னபோது முதல் எதிர்ப்பு என் தாயிடமிருந்து வந்தது. “இதெல்லாம் ஆம்பளப் புள்ள பேசற பேச்சாடா?” என்றார். ஆயாவோ மாத்திரையையே வேண்டாம் என்றார். “மாத்திர சாப்ட்டா கொழந்த பெருத்துப் பூடும். பிரசவம் கஷ்டமாப் பூடும். நான் எட்டுப் பெத்தேன், எந்த மாத்திரயத் துன்னேன்?” எட்டில் ஐந்துதான் தங்கின என்பதை நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே சரி என்று இப்போதும் எண்ணுகிறேன்.

குழந்தை பெருத்துவிடும் என்ற அச்சம் நம் பக்கத்து வீடுகளில் எங்கும் உண்டு. உண்மை என்னவெனில், தாயின் சோகையால் எடை குறைந்த குழந்தையும், உரிய மாதத்திற்கு முன்பே பிரசவமும் நேரக்கூடும். பிரசவத்தின்போது இரத்தப் போக்கு ஏற்பட்டால் சோகையுள்ள தாய் அதனைத் தாங்கமாட்டாள். மாத்திரை தொடங்கியபின் மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு அஞ்சி நிறுத்துவோரும் உளர். உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது, அஞ்சத் தேவையில்லை. குமட்டல் இருந்தால் நிறுத்திவிடாமல், இரவு உணவுக்கு ஒன்று இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப்போகும் முன் விழுங்கலாம். குங்குமப்பூவால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பணத்திற்கு முட்டை வாங்கலாம்.

ஆனால் ஆயா சொன்ன ஒன்றை நான் மறுக்கவில்லை. “அவ எப்ப சோறு துன்றா பாரு, அதச் சொல்லு மொதல்ல” என்றார். பார்த்தேன். வீட்டில் எல்லோரும் உண்டபின், அம்மாவும் அக்காளும் கடைசியில் உட்காருகிறார்கள். குழம்பில் காய் இராது, கீரை தீர்ந்திருக்கும், சோறும் சாறும் மட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987 முதல் நடைபெற்றுவரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணத்தோடு சத்துப் பொருட்கள் அடங்கிய பெட்டகமும் தருகிறார்கள். எங்கள் வீட்டிற்கு வந்த பெட்டகத்திலிருந்த பேரீச்சம்பழத்தில் பாதியைத் தின்றது யார் தெரியுமா? பெயர் கூற வெட்கமாக இருக்கிறது, வேதியியல் படிப்பவர்.

கருவுற்றவள் இருவருக்காக இரட்டிப்பு உண்ண வேண்டும் என்பதும் மிகை. நடுமாதம் முதல் நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி கூடுதலாகக் கிடைத்தால் போதும் என்று வகுத்துள்ளனர். புரதம்தான் கவனிக்க வேண்டியது. ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, சோற்றோடு கூடுதலாக ஒரு கரண்டிப் பருப்பு என்று வைத்தால் அந்த 350-ஐ எட்டிவிடலாம். வேர்க்கடலை எங்கள் மண்ணில் விளைவது. நடுவயதுப் பசிக்கு வாங்கும் பொட்டலப் பண்டங்களைவிட மலிவு.

சாமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையிலிருந்து வரும் சாமை நல்ல உணவே. எங்கள் வீட்டில் இன்றும் வாரம் இருமுறை உண்டு. ஆயினும் மேடைகளில் பேசுவோர், சாமையில் 100 கிராமுக்கு 9.3 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகப் பழைய அட்டவணையைப் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஐதராபாத் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது 1.26 மில்லிகிராம்தான். கேழ்வரகு 4.6 அளவில் உள்ளது. சுண்ணாம்புச் சத்திலும் அதுவே முதன்மை. சாமையின் பெருமை வேறு பலவற்றில் இருக்கிறது; இல்லாததைச் சொல்லி அதனைப் புகழ வேண்டியதில்லை. தானியங்களிலும் பயறுகளிலும் ஃபைட்டேட் என்னும் பொருள் இரும்பைக் கட்டி வைக்கிறது. முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் அக்கட்டு தளரும். புளித்த கேழ்வரகுக் கூழைக் குடித்த நம் பாட்டன் பாட்டியர் வேதியியல் படிக்கவில்லை. கூழை மட்டும் சரியாகக் காய்ச்சினார்கள்.

தந்தையாகப் போகிறவர்

மாமாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நான் இங்க இருந்துகினு என்ன பண்ண முடியும்னு சொல்லு தம்பி” என்றார். ஒரு வேலை கொடுத்தேன். அன்று முதல் இரவு எட்டரை மணிக்கு அவர் அழைப்பார். நலம் விசாரிப்பதற்கு முன் கேட்கும் கேள்வி, “அட்டையில எத்தன மீதி?” அக்காள் எண்ணிச் சொல்ல வேண்டும். கணக்கு உதைத்தால் அம்மாவைக் கூப்பிடச் சொல்வார். சாரம் கட்டிய ஐந்தாவது மாடியிலிருந்துகூட ஒருநாள் கேட்டிருக்கிறார்.

நேரத்தை மாற்றினோம். சுண்ணாம்பு மாத்திரை காலையிலும் பகலிலும் உணவோடு. இரும்பு மாத்திரை ஒன்று முற்பகல் பதினொரு மணிக்கு வெறும் நீரில், மற்றொன்று படுக்கப் போகும்போது. தேநீரை அடியோடு நிறுத்த அக்காள் சம்மதிக்கவில்லை. அவளுக்கு வாய்த்த சுகமே அது ஒன்றுதான் என்று அம்மாவும் பரிந்து பேசினார். நானும் விட்டுக்கொடுத்தேன். மாலை நான்கு மணிக்கு, மாத்திரைக்கும் சோற்றுக்கும் இடைப்பட்ட நேரத்தில், ஒரு குவளை மட்டும். சுகாதார நிலையத்தில் முன்பே கொடுத்திருந்த குடற்புழு மாத்திரை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. செவிலியரிடம் காட்டிக் கேட்டு அதையும் விழுங்கச் செய்தோம். கழனியில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு சேர்வது எளிது. அது குடலில் ஒட்டிக்கொண்டு குடிப்பது இரத்தத்தையே.

அப்பா மட்டும் எதிலும் தலையிடவில்லை. ஆனால் ஒருநாள் இரவு, “அவள மொதல்ல உக்கார வையி. நாங்க அப்புறம் துன்றோம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். பீடியை வெளியே வைத்துக் கொண்டதும் அன்றிலிருந்துதான். கருவுற்றவள் இருக்கும் வீட்டில் புகை கூடாது என்று நான் பத்து முறை சொல்லியும் கேளாதவர் அவர்.

எட்டாம் மாதம் 10.3. பிரசவத்திற்கு முன் எடுத்ததில் 10.9. பதினொன்றைத் தொடவில்லை. தொட்டிருக்கலாம், நான் வீணாக்கிய இரண்டு மாதம் இருந்திருந்தால். பெண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 800 கிராம். ஆயாவின் கணக்கில் ‘பெருத்த’ குழந்தையன்று, நல்ல எடை. பிறந்ததும் கொடியை உடனே வெட்டாமல் சற்றுப் பொறுத்து வெட்டியதாக அக்காள் சொன்னாள். அந்தச் சிறு நேரத்தில் நஞ்சிலிருந்து குழந்தைக்குச் சேரும் இரத்தம் அதன் முதல் சில மாதங்களின் இரும்புச் சேமிப்பு என்று பின்னர் படித்தேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க ஆயா கிண்ணத்தோடு வந்தார். சீம்பாலே முதல் உணவு என்று செவிலியர் தடுத்துவிட்டார். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் மட்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

பிரசவத்திற்குப் பின்னும் 180 நாள் மாத்திரை உண்டு என்று முன்னே குறிப்பிட்டேன். பலரும் நிறுத்திவிடும் இடம் இது. பிள்ளை பிறந்துவிட்டது, இனி எதற்கு என்ற எண்ணம். மிட்டாய் போன்ற அந்தச் சிவப்பு நிறத்தால் வேறோர் ஆபத்தும் உண்டு. வீட்டிலுள்ள சிறுபிள்ளைகள் எடுத்துத் தின்றால் சில மாத்திரைகளே உயிருக்கு உலை வைக்கும். ஆகவே நாங்கள் அட்டைகளை ஒரு துணிப்பையில் போட்டு, உத்திரத்து ஆணியில் உயரமாக மாட்டியிருக்கிறோம். அக்காளுக்கு எட்டாது. இரவு எட்டரை மணிக்குத் தொலைபேசி மணி அடித்ததும், நான்தான் முக்காலிமேல் ஏறி எடுத்துத் தர வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் இன்றைய கணக்கில் அட்டைகளில் 112 மாத்திரைகள் மீதி இருக்கின்றன.